தொலைந்துபோன மூடுபனி: சைலண்ட் ஹில் 2 விளையாட்டின் மறுவெளியீடுகள்

2012 மார்ச் மாதம் கொனாமி நிறுவனம் 'சைலண்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2001இல் வந்த சைலண்ட் ஹில் 2, 2003இல் வந்த சைலண்ட் ஹில் 3 ஆகிய இரண்டையும் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளில் கூர்மையான படத்துடன் விளையாடலாம் என்பதுதான் அறிவிப்பு. வீடியோ கேம் உலகம் மிகவும் மதிக்கும் திகில் படைப்புகளில் ஒன்று திரும்பி வருகிறது என்று பலரும் ஆவலோடு காத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது மூடுபனி. பல இடங்களில் அது மெலிந்துபோயிருந்தது. கதாநாயகன் ஜேம்ஸ் டொலூகா ஏரியில் துடுப்பு வலித்துப் போகும் கட்டத்தில் ஏரியின் தண்ணீர் ஓரிடத்தில் நேர்கோடாக வெட்டி முடிவது தெரிந்தது. பண்ணையொன்றின் பெயர்ப்பலகை காமிக் சான்ஸ் எழுத்துருவில் இருந்தது. குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பிதழில் பார்க்கிற அதே எழுத்து.

கதை அப்படியே இருக்கிறது. புதிர்களும் அரக்கர்களும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். பனி மட்டும் சரியில்லை என்பதற்காக விளையாட்டே பாழாகிவிட்டது என்று சொன்னால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ரசிகர்களின் அடம் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திகில் விளையாட்டுகளில் பயத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்துக் கருவிகளின் போதாமையோடு சேர்ந்தே உருவானது. அந்தப் போதாமைகளில் எதை விட்டுவிடலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று பிரித்தறியாமல் செய்யும் மறுவெளியீடு, படத்தைத் துலக்கிவிட்டுப் பயத்தைத் துடைத்துவிடும்.

இந்த வகையின் தொடக்கத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பிரான்சின் ஃபிரெடெரிக் ராய்னால் உருவாக்கி, இன்ஃபோகிராம்ஸ் 1992இல் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்', ஒரு பாழடைந்த மாளிகையைக் காட்டியது. ஒவ்வோர் அறையையும் முழுதாக முப்பரிமாணத்தில் அந்நேரமே வரைந்து காட்ட அன்றைய கணினிக்குச் சக்தியில்லை. எனவே அறைகள் முன்கூட்டியே தீட்டிய அசையாப் படங்களாக இருந்தன. மனிதர்களும் பேய்களும் மட்டும் முப்பரிமாண உருவங்களாக அவற்றின்மேல் நடமாடினார்கள். பின்னணி அசையாத படம் என்பதால் கேமராவும் அசையாது. கதாபாத்திரம் அறையின் ஒரு பகுதியைத் தாண்டினால் காட்சி சட்டென்று வேறொரு கோணத்துக்கு வெட்டும்.

ஜப்பானின் காப்காம் நிறுவனத்தில் ஷின்ஜி மிகாமி இயக்கி 1996 மார்ச்சில் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' இதே வழியைப் பிடித்துக்கொண்டது. அதன் தயாரிப்பாளர் தொகுரோ ஃபுஜிவாரா, 1989இல் 'ஸ்வீட் ஹோம்' என்ற பேய்வீட்டு விளையாட்டை இயக்கியவர். பூட்டிய மாளிகை, பையில் போதாத இடம், கதவைத் திறக்கும்போது தனியே வரும் காட்சி எல்லாம் அங்கிருந்து வந்த சொத்துகள். மிகாமி முதலில் கதாபாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் முறையில் செய்துபார்த்தார். முதல் பிளேஸ்டேஷனில் அவர் விரும்பிய தரத்துக்கு அது எட்டவில்லை. அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். அசையாக் கேமராவுக்கு மாறியது வேறு வழியில்லாமல்தான்.

அதனால் விளைந்ததைப் பாருங்கள். நடைபாதையின் கோடியில் நிற்கிறோம். கேமராவோ நமக்கு எதிரே, மேலே, மூலையில். நாம் போகவேண்டிய திசை நமக்கே தெரிவதில்லை. யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்கிறது. ஆள் திரைக்கு வெளியே. துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி, பார்க்க முடியாத இடத்தை நோக்கி ஓரடி வைக்கவேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதெல்லாம் கருந்திரையில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். குறுவட்டிலிருந்து அடுத்த அறையின் தரவை ஏற்ற அவகாசம் தேடிச் செய்த உபாயம் அது. ஆனால் அந்தச் சில நொடிகளில் மனம் அடுத்த அறையில் என்னென்ன வைத்துவிடுகிறது! போதாமைக்கு வெளியே போய்ப் பயத்தைத் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

1999இல் கொனாமியின் 'சைலண்ட் ஹில்' வந்தபோது நிலைமை வேறு. கெய்ச்சிரோ டொயாமா இயக்கிய அந்த விளையாட்டில் தீட்டிய பின்னணிகள் கிடையாது; ஓர் ஊர் முழுவதும் முப்பரிமாணத்தில், விளையாடும் அந்நேரத்திலேயே வரையப்பட்டது. அதே பிளேஸ்டேஷன், அதே 2 மெகாபைட். தெருக்கோடிவரை கட்டடங்களை வரைந்தால் கருவி திணறிவிடும். எனவே பகலில் பனி, இரவில் இருட்டு. சில அடி தூரத்துக்கு அப்பால் எதையும் வரையவேண்டியதில்லை. அக்காலத்து விளையாட்டுகள் பலவும் இப்படிப் பனியைப் போர்த்தித் தப்பித்தன. பெரும்பாலும் அது குறையாகத்தான் தெரிந்தது. சைலண்ட் ஹில் குழு அந்தக் குறையை ஊரின் இயல்பாக்கியது. கண் பார்க்க முடியாததைக் காதுக்குக் கொடுத்தது: கையிலிருக்கும் சிறு வானொலி, அரக்கன் நெருங்கினால் கரகரக்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லாது.

இரண்டு ஆண்டு கழித்து, பிளேஸ்டேஷன் 2இல், சைலண்ட் ஹில் 2. மசாஷி சுபோயாமா இயக்கம், ஹிரோயுகி ஓவாகுவின் கதைவசனம், மசாஹிரோ இட்டோவின் அரக்கர்கள், அகிரா யமவோகாவின் இசை. புதிய கருவி பலமானது. முதல் விளையாட்டின் அளவுக்குப் பனிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் குழு பனியைக் கைவிடவில்லை, இன்னும் அடர்த்தியாக்கியது. முன்பு திரைபோல நின்ற பனி இப்போது நகர்ந்தது, சுழன்றது, ஜேம்ஸின் காலடியில் புரண்டது. கட்டாயமாக இருந்தது தெரிவாக மாறிய இடம் இதுதான். இந்த விளையாட்டின் கலை மதிப்பைப் பேசுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பேன்.

தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து ஜேம்ஸுக்குக் கடிதம் வருகிறது. தங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே காத்திருக்கிறாள். ஏரியைப் பார்த்த சாலையோர நிறுத்தத்தில், அழுக்கேறிய கழிப்பறைக் கண்ணாடியின் முன் அவன் நிற்பதில் விளையாட்டு தொடங்குகிறது. வெளியே வந்தால் ஊருக்குள் இறங்கும் ஒரு காட்டுப்பாதை. அதில் நடக்கவேண்டும். சண்டை இல்லை, பொருள் இல்லை, வழிமறிப்பவர் இல்லை. இவ்வளவு நேரம் எதுவும் நடக்காமல் எந்த விளையாட்டும் நம்மை நடக்கவிடாது என்று கை பொறுமையிழக்கும் அளவுக்கு நீளமான பாதை. முன்னாலும் பின்னாலும் வெண்மை. மரங்கள் அருகில் வந்து, மறைந்து, வேறு மரங்களாகின்றன. நம் காலடிச் சத்தத்தோடு வேறேதோ சத்தமும் சேர்ந்து ஒலிப்பதுபோல ஓர் ஐயம். ஊர் வந்து சேர்வதற்குள் திரும்பிப் போகும் நினைப்பு போய்விடுகிறது. இந்த நடையில் பனியின் அடர்த்தி பாதியானால், காட்டுக்குள் ஒரு நீண்ட நடை மட்டும் மிஞ்சும். எச்டி பதிப்பில் பயம் வருவதற்குப் பதிலாகச் சலிப்பு வருகிறது என்று பலர் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி.

பனி ஏன் மெலிந்தது? இரண்டு காரணங்கள். முதலாவது, வன்பொருள். பிளேஸ்டேஷன் 2இன் வரைகலைச் சிப்புக்குள்ளேயே 4 மெகாபைட் நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அளவில் சொற்பம், வேகத்தில் அசுரன்: நொடிக்கு 48 கிகாபைட். பனி, புகை, தூசி போன்றவற்றை அந்தக் காலத்தில் உருவாக்கிய முறை, ஒளி ஊடுருவும் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவது. ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டும். அதற்கு வேண்டியது இந்த வேகம்தான். பிளேஸ்டேஷன் 3 ஏறக்குறைய எல்லா வகையிலும் பலமடங்கு மேலானது. ஆனால் அதன் வரைகலை நினைவகம் சிப்புக்கு வெளியே. அதன் வேகம் பழையதில் பாதிகூடக் கிடையாது. அத்துடன் உயர்தெளிவுப் படம் என்றால் பூசவேண்டிய புள்ளிகள் மூன்று மடங்குக்கு மேல். புதிய கருவி எல்லாவற்றிலும் பழையதை விஞ்சும் என்ற நம் எண்ணம் இந்த ஓரிடத்தில் பொய்த்துவிடுகிறது. சரியாக அந்த இடத்தில்தான் சைலண்ட் ஹில் குடியிருந்தது.

ஆனால் கருவியின்மேல் மட்டும் பழிபோட முடியாது. அதே 2012இல் கொனாமி வெளியிட்ட மற்றொரு மறுவெளியீடு 'ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ்' தொகுப்பு. அதுவும் புதிய கருவிகளில் வேகம் தடுமாறியது. கொனாமி ஹெக்ஸாடிரைவ் என்ற நிறுவனத்தை அமர்த்தி, தொகுப்பின் இரண்டாம் விளையாட்டுக்கான வரைதல் பகுதியைப் பிளேஸ்டேஷன் 3க்காகச் சீரமைத்து, 2013இல் திருத்தம் வெளியிட்டது, ஓட்டம் சீரானது. ஆளும் நேரமும் கொடுத்திருந்தால் பனியையும் மீட்டிருக்கலாம்.

இரண்டாவது காரணம்தான் கசப்பானது. எச்டி தொகுப்பைச் செய்யும் பொறுப்பு ஹைஜின்க்ஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறு அமெரிக்க நிறுவனத்திடம் தரப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த மூல நிரல், கடைக்கு வந்த விளையாட்டின் இறுதி நிரல் இல்லை. காப்பகத்தில் எஞ்சியிருந்தது முடிவுபெறாத பதிப்பு. கொனாமி தரப்பில் தயாரிப்பைக் கவனித்த டாம் ஹியூலட் இதைப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். 2001இல் ஜப்பானியக் குழு கடைசி வாரங்களில் கண்டுபிடித்துத் தீர்த்த பிழைகளை, 2012இல் வேறு நாட்டில் வேறு ஆட்கள் மறுபடி கண்டுபிடித்துத் தீர்க்கவேண்டியிருந்தது. ஒரு விளையாட்டின் பனி எவ்வளவு அடர்த்தி, ஓர் ஒலி எந்த நொடியில் என்பன போன்ற நுணுக்கங்கள் முடிவாகும் காலமும் அந்தக் கடைசி வாரங்கள்தான். அதாவது தொலைந்தது சாதாரணப் பக்கங்களல்ல. ஆசிரியரின் இறுதிக் கைத்திருத்தங்கள் உள்ள பிரதி. பிளேஸ்டேஷன் 3க்கு அந்த ஆண்டிலேயே ஒரு திருத்தம் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு அதுவும் கைவிடப்பட்டது.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு பிரிவினை இருக்கிறது. சைலண்ட் ஹில் 2இன் முடிவு, நாம் விளையாடும் முறையை ஓசையின்றிக் கணக்கிட்டு அமைகிறது. மேரியின் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தோமா, ஏஞ்சலா என்ற பெண் விட்டுச்சென்ற கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தோமா, காயம் பட்டால் மருந்து போட்டுக்கொள்ளாமல் திரிந்தோமா என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். கடைசியில் ஜேம்ஸ் வாழ்வதா சாவதா என்று நம்மைக் கேட்காமலே தீர்மானிக்கும். மிக நுட்பமான இந்த ஏற்பாடு எச்டி பதிப்பில் எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. அது விதி, விதிகளை எந்தக் கருவிக்கும் பெயர்க்கலாம். பனி, படத்தின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும் பிலிம் துகள், மங்கல், சத்தத்தின் தாமதம் ஆகியவை ஒரு குறிப்பிட்ட கருவி ஒரு குறிப்பிட்ட தொலைக்காட்சிப் பெட்டியில் செய்த வேலைகள். அவற்றைப் பெயர்ப்பவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மறுபடி செய்தாகவேண்டும். அதற்கு முதலில் அவை வேண்டியவை என்று தெரிந்திருக்கவேண்டும்.

தெரிந்து செய்தவர்களும் உண்டு. மிகாமி 2002இல் தம் ரெசிடென்ட் ஈவிலைத் தாமே நின்டெண்டோ கேம்கியூபுக்காக முழுவதும் புதிதாக ஆக்கினார். ஆறு ஆண்டில் கருவிகள் வெகுவாக வளர்ந்திருந்தன. அசையாக் கேமராவை விட்டுவிட அவருக்கு எல்லாச் சாக்கும் இருந்தது. விடவில்லை. மிச்சமான பலத்தையெல்லாம் அந்த அசையாப் படங்களுக்குள் கொட்டினார்: ஆடும் மெழுகுச்சுடர், மின்னலில் நீளும் நிழல், சன்னல் வழியே அசையும் மரம். பழைய ஆட்டக்காரர்களை மறக்காமல் அவர்களுக்கென்று ஒரு கண்ணியும் வைத்தார். 1996 விளையாட்டில் ஒரு நடைபாதையில் சன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாய்ந்தது பலருக்கும் மறக்காத அதிர்ச்சி. 2002இல் அதே நடைபாதையில் முதல் முறை போகும்போது கண்ணாடி விரிசல் விட்டுச் சத்தம் போடும், அவ்வளவுதான். நாய் வராது. தெரிந்தவன் பதறிப்போய், பிறகு நிம்மதியடைந்து, திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வான். வீழ்த்திய பிணங்களை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காவிட்டால் அவை பின்னர் சிவந்து, முன்னைவிட வேகமாக எழுந்து வரும் என்ற விதியும் இதில் புதிது. எண்ணெய் எல்லாப் பிணத்துக்கும் போதாது.

அந்த 2002 வடிவத்தைக் காப்காம் 2015 ஜனவரியில் எச்டியாக உலகெங்கும் வெளியிட்டது. பின்னணிகள் பழைய 4:3 விகிதத் தொலைக்காட்சிக்காகத் தீட்டியவை. இன்றைய அகலத்திரைக்குப் பொருந்தா. இழுத்துப் பெரிதாக்கினால் உருவம் குண்டாகும். மேலும் கீழும் வெட்டினால் படம் போய்விடும். செய்தது என்னவென்றால், அகலத்துக்கு ஏற்றபடி படத்தைப் பெரிதாக்கி, கதாபாத்திரம் நகர நகரச் சட்டகம் மேலும் கீழுமாக மெல்ல வழுக்கும்படி விட்டார்கள். பழைய விகிதமே போதும் என்பவருக்கு அதையும் ஒரு தெரிவாக வைத்தார்கள். தரவேற்றத் தேவை அறவே போய்விட்ட பிறகும் கதவுக்காட்சிகளை நீக்கவில்லை. தட்டச்சுப்பொறியும் மைநாடாவும் இருந்தால்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்ற கட்டுப்பாடும் அப்படியே.

ஒன்றில் மட்டும் இளகினார்கள். பழைய முறையில், நின்ற இடத்தில் திரும்பிப் பிறகு நடக்கவேண்டும், பீரங்கி வண்டியைப்போல. புதிதாகச் சேர்த்த முறையில் விசையைத் தள்ளிய திசையில் கதாபாத்திரம் உடனே ஓடும். வசதிதான். ஆனால் தள்ளாடும் பிணங்களின் வேகம், அந்தப் பழைய மெத்தனமான திருப்பத்தை மனத்தில் வைத்து அளந்தது. புதிய முறையில் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடலாம். நான் பழைய முறையையே பரிந்துரைப்பேன். முதல் அரைமணி நேரம் எரிச்சலாக இருக்கும், பிறகு அந்த எரிச்சலே பதற்றமாகிவிடும். இரண்டையும் வைத்து ஆடுபவரிடம் முடிவை விட்டதில் குறைசொல்ல ஏதுமில்லை.

இரு நிறுவனங்களின் நேர்மை பற்றிய ஒப்பீடாக இதைச் சுருக்கிவிடக் கூடாது. காப்காமுக்கும் சறுக்கல்கள் உண்டு. மூல நிரல்களும் மூலப் படங்களும் தொலைவது இத்துறை முழுவதிலும் பரவியிருந்த அலட்சியம். ஸ்கொயர் எனிக்ஸ் தன் 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டை 2013இல் எச்டி ஆக்க முனைந்தபோது முதல் பாகத்தின் மூலத்தரவுகள் கைவசம் இல்லை. விற்பனையான விளையாட்டிலிருந்தே பலவற்றைத் தோண்டியெடுத்து மறுபடி கட்டவேண்டியதாயிற்று. விளையாட்டு என்பது ஒரு பருவத்தில் விற்றுத்தீரும் சரக்கு, அடுத்த கருவி வந்தால் அதன் கதை முடிந்தது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். பத்தாண்டில் அதையே மறுபடி விற்கப்போகிறோம் என்று எண்ணியிருந்தால் ஒரு பிரதியையாவது பத்திரப்படுத்தியிருப்பார்கள்.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையும் மென்பொருள் பாதுகாப்பு வலையமைப்பும் சேர்ந்து 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று கண்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தரலாமா என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. எனவே ஒரு பழைய விளையாட்டைச் சட்டப்படி அணுக, நிறுவனம் மனம்வைத்துச் செய்யும் மறுவெளியீடே பலசமயம் ஒரே வாசல். அந்த வாசலில் தவறான வடிவம் நின்றால், அடுத்த தலைமுறைக்கு அதுவே மூலமாகிவிடும். 2012 தொகுப்பு வழியாகச் சைலண்ட் ஹில் 2ஐ முதலில் அறிந்தவர்கள், இதற்கா இவ்வளவு புகழ் என்று கேட்டால் அவர்களை எப்படிக் குறைசொல்வது?

இந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் ரசிகர்கள். 2002இல் சைலண்ட் ஹில் 2க்கு ஒரு கணினிப் பதிப்பும் வந்திருந்தது. அதிலும் பனியும் ஒலியும் பழுதுதான். சம்பளமில்லாமல் ஒரு குழு அதை எடுத்துக்கொண்டு, பிளேஸ்டேஷன் 2 பதிப்பை அருகில் வைத்து ஒப்பிட்டு, பனியின் நகர்வு, நிழல்கள், ஒலிகளின் நேரம், காணொளிகளின் தரம் எனப் பல ஆண்டுகளாகச் சீர்செய்து வருகிறது. 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்று பெயர். மூல நிரல் இவர்களிடமும் கிடையாது. எது குறை, எது அழகு என்ற தெளிவு இருந்தது.

பின்பு 2024 அக்டோபரில் முழு மறு ஆக்கம் வந்தது. போலந்தின் புளூபர் டீம் செய்தது. இட்டோவும் யமவோகாவும் அதில் பங்குகொண்டார்கள். கேமரா இப்போது ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால். மூன்று மாதத்தில் விற்பனை 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பனி அடர்த்தியாக, அழகாக, ஒளியை ஏந்திக்கொண்டு நிற்கிறது. ஒரு வேடிக்கை: பனியை நீக்கிப் பார்த்த கணினிப் பயனர்கள், அதற்குப் பின்னால் யாரும் பார்க்கப்போகாத தொலைதூரத் தெருக்களையும் இயந்திரம் வரைந்துகொண்டிருப்பதைக் காட்டினார்கள். 1999இல் வேலையை மிச்சப்படுத்த வந்த பனி, 25 ஆண்டு கழித்து முழு வேலையின்மேல் போர்த்தும் கூடுதல் வேலையாகியிருக்கிறது.

மறு ஆக்கம் தரமானது. நடிப்பு நுணுக்கமானது, அறைகள் மூச்சுமுட்டுகின்றன, காட்டுப்பாதை நடையை அவர்கள் சுருக்கவும் இல்லை. ஆனால் அது வேறு படைப்பு. தோளுக்குப் பின்னால் நிற்கும் கேமரா எப்போதும் நம் பக்கம். பழைய கேமரா நம் கட்சியில் இருந்ததே இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைபாதையில், கம்பித்தடுப்புக்கு அப்பால் பிரமிட் தலையன் என்ற அரக்கன் முதல்முறையாக அசையாமல் நிற்பான். அந்தக் காட்சியை இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இது விளங்கும். புதியதில் அவனை நாம் உற்றுப் பார்க்கிறோம். பழையதில் துகள் நெளியும் மங்கலில் அவன் இருக்கிறானா, கண் ஏமாற்றுகிறதா என்று நிச்சயிக்கவே சில நொடி ஆகிறது.

இன்று இந்த விளையாட்டை அறிய விரும்புகிறவர் 2024 ஆக்கத்தைத் தயங்காமல் வாங்கலாம். எச்டி தொகுப்பைத் தவிர்த்துவிடலாம். 2001இன் படைப்பைத் தேடுபவருக்கு நல்ல வழி, 2002 கணினிப் பதிப்பும் அதன்மேல் ரசிகர்களின் திருத்தமும். சிக்கல், அந்தக் கணினிப் பதிப்பு கடைகளில் மறைந்து வெகுகாலமாகிவிட்டது. இணையக் கடைகளிலும் விற்பனைக்கு இல்லை. ரெசிடென்ட் ஈவிலின் 1996 வடிவத்தைக் காப்காம் 2024 ஜூனில் ஜிஓஜி இணையக்கடையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொனாமியே 'சைலண்ட் ஹில் 4' விளையாட்டை 2020இல் அங்கே வைத்தது. இரண்டாம் பாகத்தையும் அதே அலமாரியில் வைப்பதற்கு மறு ஆக்கத்துக்கு ஆன செலவில் ஒரு துளி போதும். கொனாமி அதைச் செய்யவேண்டும்.